மீன் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போகலாமா?

சென்ற விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்திருந்த என் சித்தி மகள், "மெரினாவும் சாந்தோமும் பார்த்தாயிற்று, காசிமேட்டைக் காட்டுங்கள்" என்று பிடிவாதம் பிடித்தாள். ஞாயிறன்று விடியுமுன்னே அப்பா எங்களை அழைத்துச் சென்றார்.

அப்பப்பா, என்ன இரைச்சல்! விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கியது. வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி எனக் குவிந்தவற்றைச் சுற்றி ஏலம். கூவுகிறவர் ஒரே மூச்சில் விலையை ஏற்ற, நொடியில் ஒரு குவியல் கைமாறிவிடுகிறது. எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. ஏலம் எடுத்த பெண்கள், வெயில் ஏறுமுன் தெருக்களில் விற்பதற்காகக் கூடையோடு விரைந்தார்கள். அவர்கள் வழியில்தான் நாங்கள் நின்றோம். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தேன். சித்தி மகளோ, மடியில் பணம் எண்ணிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைக் கைப்பேசியில் படமெடுத்தாள்.

"இன்னாமா, மீனு வாங்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?" என்றார் பாட்டி.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மீன் குழம்பு வாசனைக்கு அடுக்களைக்கு ஓடும் மூக்கு அல்லவா என் மூக்கு!

"சந்தை பொது இடம், யாரும் பார்க்கலாம், படமும் எடுக்கலாம்" என்கிறார்கள் என் தோழியர் சிலர். நான் ஒப்பமாட்டேன். பொது இடந்தான், ஆனால் பிறர் பிழைப்பு நடக்கும் இடம். தோக்கியோ நகரின் சுகிஜி சந்தையில், சூரை மீன் ஏலத்தைக் காண வந்த பயணிகள் மீனைத் தொட்டும், பளிச்சென்று விளக்கடித்துப் படமெடுத்தும் தொல்லை தந்தார்கள். அதனால் 2008 டிசம்பரில் சில வாரங்கள் அவர்களை உள்ளே விடவில்லை. அச்சந்தை 2018-இல் தொயோசுவுக்கு மாறியபின், பெரும்பாலோர் மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றே பார்க்கிறார்கள்.

காசிமேட்டுக்குக் கண்ணாடி வேண்டாம். வேடிக்கை பார்க்க வராதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். போனதால்தானே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் இந்த விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்று அப்பா சொல்லக் கேட்டேன்? அந்நாட்களில் அவ்வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்ற கேள்வியும் அங்கேதான் எனக்கு எழுந்தது.

இராயபுரம் என்ற பெயரே இராயப்பரால், அதாவது மீனவரான புனித பேதுருவால் வந்தது என்பார்கள். இரவெல்லாம் உழைத்து ஒன்றும் அகப்படாமல் அவர்கள் வலையை அலசிக்கொண்டிருந்த வேளையில், ஆண்டவர் அவர் படகில் ஏறி, கரையிலிருந்து சற்றே தள்ளும்படி கேட்டுக்கொண்டதாக லூக்கா எழுதுகிறார். ஆண்டவரே அங்கே கேட்டுக்கொண்டார்! நாங்கள் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பாட்டியிடமே ஒரு கூறு சங்கரா வாங்கினோம். "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா, பாட்டி?" என்று சித்தி மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சீக்கிரம் எடு கண்ணு, ஆட்டோ காத்துக்கினு கீது" என்றார்.