குங்கிலியம்: மரம் அறிந்து மருந்து செய்வோம்

குங்கிலிய வெண்ணெய் எழுதிக் கொடுக்காத சித்த மருத்துவர் அரிது. தீப்புண்ணுக்கும் ஆறாப்புண்ணுக்கும் அதைப் பூசச் சொல்கிறோம். நீர்க்கடுப்புக்குக் குங்கிலிய பற்பம் தருகிறோம். இவ்வளவு புழங்கும் சரக்கு எந்த மரத்தில் வடிந்தது, எப்படி எடுக்கப்பட்டது என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

சென்னையின் அசோக் நகரிலோ மேற்கு மாம்பலத்திலோ நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கினால், பொட்டலத்தில் மரத்தின் பெயர் இருப்பது அபூர்வம். மூன்று மரங்களின் பிசின் இந்தப் பெயரில் விற்கிறது. மத்திய, வட இந்தியக் காடுகளின் சால் மரமான ஷோரியா ரொபஸ்டா தருவது ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வட்டேரியா இண்டிகா தருவது வெள்ளைக் குங்கிலியம். நீலகிரிக் காடுகளில் ஓங்கி வளரும் கனேரியம் ஸ்ட்ரிக்டம் தருவது கருங்குங்கிலியம். மூன்றும் நீரில் கரையாதவை, எண்ணெயில் இளகுபவை. மூன்றிலும் டிரைடெர்பீன்கள் உண்டு என்றாலும் அவற்றின் வகையும் அளவும் வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிட்டுக் குணம் குறைந்தது என்று நூலைக் குறை சொல்வது நியாயமல்ல. இதில் விலை மலிந்த பைன் ரோசினைக் கலந்தால் இன்னும் கேடு. ரோசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. புண்ணில் பூசும் மருந்தில் அதற்கு இடமே கிடையாது.

மரத்தின் நிலையும் கவலை தருகிறது. கருங்குங்கிலியத்தைத் தானாக வடிந்து உறைந்த பிறகு எடுப்பதும் உண்டு; அடிமரத்தை வெட்டித் தீ மூட்டி வடிய வைப்பதும் உண்டு. முந்தைய முறையில் மரம் பிழைக்கும். பிந்தைய முறை மரத்தை நலிய வைக்கும். இதன் முடிவு எங்கே போகும் என்பதற்குக் குக்குலு சாட்சி. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஆழக் கீறிப் பிசின் எடுத்ததில் மரங்கள் பட்டுப்போயின. குக்குலு தரும் கோமிஃபோரா வைட்டியை 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக அருகிய இனமாக அறிவித்தது.

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 2023 திருத்தம், உயிரியல் வளங்களைப் பெறுமுன் மாநில உயிரியல் பன்முகத்தன்மை வாரியத்துக்கு முன்னறிவிப்புத் தரும் கடமையிலிருந்து பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களை விடுவித்திருக்கிறது. சட்டம் கேட்காததால் நம் பொறுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஆகவே நம் வாசகர்களுக்கு மூன்று வேண்டுகோள். வாங்கும் சீட்டில் தாவரப் பெயரும் எடுத்த காடும் எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கும்போது மெல்லடுக்கு நிறப்பகுப்புச் சோதனை செய்து சேர்மங்களை உறுதிப்படுத்துங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை பெற்ற பழங்குடி மக்களிடம், மரத்தை நோகடிக்காமல் எடுத்த பிசினுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள். நாம் கேட்காதவரை வணிகர் சொல்லப் போவதில்லை. அடுத்த கொள்முதலிலேயே கேட்கத் தொடங்குவோம்.