குறிப்புச்சட்டகத்துக்கு வெளியே

கட்டுரை என்றதும் எட்டாம் வகுப்புப் பிள்ளை முதலில் குறிப்புச்சட்டகம் போடும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. விடைத்தாள் திருத்த அது வசதிதான். பல வருடம் திருத்திய தமிழாசிரியை என்பதால் சொல்கிறேன். ஆனால் அதற்குள் எழுதுகிற பிள்ளை எங்கே இருக்கிறது? 'நான் சென்ற சுற்றுலா' என்று கொடுத்தால் வகுப்பே மாமல்லபுரம் போய்வரும், ஊரைத் தாண்டாதவர்கள் உட்பட. வாரச் சந்தையை எழுதச் சொல்லுங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதை அதே பிள்ளைகள் எழுதுவார்கள். சந்திப்பிழை இருக்கும். இருக்கட்டும், முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவைத் திறக்க வேண்டாம்.

இப்படிச் சொந்த அனுபவத்தை எழுதவைத்தவர்கள் உண்டு. நாமக்கல் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் பெருமாள்முருகன், தம் மாணவர்கள் உள்ளிட்ட பலரைச் சாதி பற்றிய சொந்த அனுபவங்களை எழுதவைத்துத் தொகுத்தார். அத்தொகுப்பு 2013இல் 'சாதியும் நானும்' என்று நூலானது. அந்த அனுபவங்களை எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

பள்ளிகளிலும் இதற்கு வழி உண்டு. பள்ளிக்கல்வித் துறை மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் நடத்துகிறது. நல்ல காரியம். அவை பீரோவில் பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? வாரம் ஒரு பாடவேளையை மதிப்பெண் இல்லாத எழுத்துக்கு ஒதுக்குங்கள். எழுதியதைக் காலை வணக்கக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும்.