ஏரியும் நிலமும் எவர் பொறுப்பில்?

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழக எல்லையைத் தாண்டியதும் தடா. கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே, சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதியில் 2008 முதல் இயங்கிவரும் ஸ்ரீசிட்டி சிறப்புப் பொருளாதார மண்டலம். இரண்டுக்கும் இடையில் ஏரிப் பாசனத்தையும் கிணறுகளையும் நம்பி வாழும் சிறு விவசாயிகள், தலித் கூலித் தொழிலாளர்கள், யானாதிப் பழங்குடியினர், மீனவர்கள். இந்த மண்ணையும் நீரையும் பற்றி முடிவெடுப்பது யார்?

நீதிமன்றம் ஒருமுறை விடை சொன்னது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் குட்டைகள் கூடாது. விளைநிலத்தையும் சதுப்புநிலத்தையும் ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குட்டைகளாக மாற்றக் கூடாது என்றது. குட்டையில் தேக்கும் உப்புநீர் பக்கத்து வயலையும் குடிநீர்க் கிணற்றையும் பாழாக்கும் என்பதைக் கரையோர மக்கள் பட்டறிந்திருந்தனர். ஆனால், 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என, 1991 முதலே செல்லுபடியாகும் வகையில் அச்சட்டம் திருத்தி எழுதியது. மக்கள் போராடிப் பெற்றதை மூலதனம் சட்டத்தின் வழியாகவே திரும்பப் பெற்றது. தீர்ப்பு மட்டுமே நிலத்தைக் காத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மக்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? அதற்கும் அன்றைய சித்தூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஒன்றுபட்ட ஆந்திராவின் வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் நடந்தது. பெண்கள் உட்பட விவசாயிகள் மழையளவையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் தாங்களே அளந்தனர். அளவுகளை ஊர்ச் சுவரில் எழுதி வைத்தனர். பருவத்துக்கு முன் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, எந்தப் பயிருக்கு எவ்வளவு தேவை எனக் கணக்கிட்டனர். நீர் குறைந்தால் நெல்லைக் குறைத்துக் குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறினர். படிப்பறிவு குறைந்த விவசாயிக்கு நீரியல் புரியாது என்ற அதிகார வர்க்கத்தின் ஆணவம் அங்கே தகர்ந்தது.

எனினும் ‘சமூகம்’ என்ற சொல்லுக்குள் வர்க்கமும் சாதியும் ஒளிந்திருப்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆந்திராவின் 1997ஆம் ஆண்டுப் பாசனச் சட்டம் நீர்ப் பயனாளர் சங்கங்களை உருவாக்கியது. அவற்றில் வாக்குரிமை ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்போருக்கே. ஏரியில் மீன் பிடிப்பவருக்கும், ஆடுமாடுகளுக்கு அந்த நீரை நம்பியிருப்பவருக்கும், வயலில் உழைக்கும் பெண்ணுக்கும் நிலம் இல்லையேல் வாக்கும் இல்லை. ஏரி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பவர்களோ இவர்கள்தான். திட்டங்கள் வரும்போதும் நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலங்களே முதலில் குறிவைக்கப்படுகின்றன. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் இந்நிலங்களில் பட்டா பெறத் தகுதியுள்ளோரையும் நில உரிமையாளர் என்றே வரையறுக்கிறது. அந்த வரையறை தாளில் உறங்குகிறது.

தொழில் வளர்ச்சிக்கு நாம் எதிரிகள் அல்லர். ஆலை வாசலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் நிலமிழந்த விவசாயியும் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகளாக இருக்கக்கூடும். அவர்களின் கிணற்றை வற்றவைத்து, ஏரியைக் கழிவுநீர்க் குட்டையாக்கி எழுப்பப்படும் வளர்ச்சியையே எதிர்க்கிறோம்.

ஆகவே கோருகிறோம்: நீர்ப் பயனாளர் சங்கங்களில் நிலமற்றோருக்கும் மீனவருக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும். ஆலைகள் உறிஞ்சும் நிலத்தடி நீரின் அளவைக் கிராம சபைகள் தணிக்கை செய்ய அதிகாரம் வேண்டும். ஒப்படைப்பு நிலங்களையும் ஊர்ப் பொதுநிலங்களையும் கிராம சபையின் ஒப்புதலின்றி எடுக்கக் கூடாது. பழவேற்காட்டுக் கரையில் 1,000 மீட்டர்ப் பாதுகாப்பை ஆந்திர, தமிழக அரசுகள் இணைந்து நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஏரிக்கு மாநில எல்லை தெரியாது. தெலுங்கு பேசும் விவசாயியும் தமிழ் பேசும் மீனவரும் தனித்தனியே மனுக் கொடுத்தால் கோப்புகளே பெருகும். இரு கரை உழைப்பாளர்களும் ஓரணியில் திரளட்டும்; நிலமும் நீரும் அப்போதுதான் மக்கள் கைக்கு வரும்.