கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை; ஒப்பந்தத்தைக் காட்டு என்கிறோம்!

 

வீட்டு வரி கட்ட ஊராட்சி ஆபீசுக்குப் போகிறோம். கரன்ட் கனெக்சனுக்கு மனு போடும்போது வீட்டு உரிமைக்கு ஆதாரமாக வரி ரசீதைக் காட்டலாம். "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். மறுநாள் போனால், "உங்க பேரு கம்ப்யூட்டர்ல தப்பா ஏறியிருக்கு" என்கிறார்கள். யார் ஏற்றியது? தெரியாது. யார் திருத்துவது? "மேலே எழுதிப் போட்டிருக்கோம்." ஒரு ரசீதுக்கு மூணு நாள் கூலி போச்சு! ஊராட்சி செயலரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் கையிலும் ஒன்றும் இல்லை. சாவி வேறு எங்கோ இருக்கிறது.

நாம் கம்ப்யூட்டருக்கு எதிரி அல்ல. 2023-ல் ஊராட்சி வரிகளை இணையதளம் வழியாகக் கட்டும் முறை தமிழகத்தில் வந்தபோது, அலைச்சல் குறையும், கைக்காசு கேட்பது ஒழியும் என்று நாமும்தான் சந்தோசப்பட்டோம். நம் கேள்வி வேறு.

கிணற்றுக்கு மோட்டார் வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்? எத்தனை ஹெச்.பி.? கியாரண்டி எத்தனை வருசம்? காயில் எரிந்தால் யார் கட்டித் தருவது? நம் காசில் உள்ளாட்சிக்கு மென்பொருள் வாங்கும்போது இதையெல்லாம் கேட்பது யார்? என்ன விலை, என்ன நிபந்தனை என்று நம் ஊர் கிராம சபையில் ஒரு நாளாவது வாசித்ததுண்டா?

மென்பொருளில் முதல் விலை சின்ன விலை. மாடு வாங்கினால் போதாது, தீவனமும் போட வேண்டும். வருசா வருசம் பராமரிப்புக் கட்டணம், சட்டம் மாறினால் திருத்தக் கட்டணம் என்று செலவு வளரும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. நம் வரிக் கணக்கும் சொத்துப் பதிவும் கம்பெனியின் பூட்டுக்குள் போய்விட்டால், வட்டிக்காரன் கையில் பத்திரம் சிக்கிய கதைதான். வேறு ஆளிடம் போகவும் முடியாது, அவன் கேட்ட விலையை மறுக்கவும் முடியாது.

இது கற்பனை அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மாநகராட்சி, கணக்குக்கும் சம்பளத்துக்கும் ஆரக்கிள் மென்பொருளை வாங்கியது. முதலில் போட்ட மதிப்பீடு சுமார் 2 கோடி பவுண்டு. தங்கள் பழைய வழக்கத்துக்கு ஏற்ப அதை வெட்டி ஒட்டி, 2022 ஏப்ரலில் ஓடவிட்டார்கள். வரவு செலவை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. செலவு 10 கோடி பவுண்டைத் தாண்டியது. 2023 செப்டம்பரில், அத்தியாவசியம் தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று மாநகராட்சியே கைவிரித்தது. பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம்பள பாக்கி அதற்குப் பெரிய காரணம். மென்பொருள் நஷ்டமும் சேர்ந்து முதுகை முறித்தது. 2024-ல் வரி ஏறக்குறைய 10 சதம் ஏறியது. கட்டியது யார்? சாதாரண ஜனங்கள்!

பணக்கார நாட்டின் மாநகராட்சிக்கே இந்தக் கதி என்றால், தெருவிளக்கு பல்பு மாற்றவே திண்டாடும் நம் ஊராட்சி என்ன ஆகும்?

நம் மாநிலத்திலும் பாடம் உண்டு. 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு இணைய கேபிள் கொண்டுவர 2019 டிசம்பரில் சுமார் 1,950 கோடி ரூபாய்க்கு டெண்டர் விட்டார்கள். நிபந்தனைகள் போட்டியைத் தடுக்கின்றன என்று புகார் எழுந்தது. 2020 ஜூனில் மத்திய அரசே தலையிட்டு அந்த டெண்டரை ரத்து செய்யச் சொன்னது. கேள்வி கேட்டதால்தான் அது வெளியே வந்தது. கேட்காவிட்டால்?

வேறு வழியும் இருக்கிறது. கேரளத்தில் 1999-லேயே இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் என்ற அரசு அமைப்பை ஏற்படுத்தி, உள்ளாட்சிகளுக்கான மென்பொருளைத் தாங்களே உருவாக்கினார்கள். 2025 ஏப்ரலில் அவர்களது கே-ஸ்மார்ட் ஊராட்சிகளுக்கும் வந்துவிட்டது. அங்கேயும் கோளாறு வரலாம். ஆனால் சாவி அரசின் கையில், கேள்வி கேட்க ஆள் உண்டு.

ஆகவே நாம் கேட்பது:

1. உள்ளாட்சிக்கு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் விலை, காலம், பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஊராட்சி பலகையில் ஒட்டு!

2. பதிவுகள் மக்கள் சொத்து. ஒப்பந்தம் முடிந்தால் முழுக் கணக்கையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுது!

3. ஓட்டிக் காட்டிய பிறகே முழுப் பணம் கொடு! சர்வர் நின்ற நாளுக்கு ஒப்பந்தக்காரரிடம் அபராதம் பிடி!

4. சர்வர் இல்லாத நாளில் கையால் ரசீது கொடு! அதைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்பாதே!

5. தப்பாக ஏறிய பெயரைத் திருத்தும் அதிகாரத்தை ஊராட்சிக்கும் தாலுகாவுக்கும் கொடு!

இது பிச்சை அல்ல. 1998-ன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2005-ன் தகவல் உரிமைச் சட்டமும் நம் பக்கம் நிற்கின்றன. 10 ரூபாய் கட்டணத்தில் மனு எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். வரும் கிராம சபையில் இந்த ஐந்தையும் தீர்மானமாக நிறைவேற்றுவோம். தீர்மானப் புத்தகத்தில் பதியும் வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது!

சர்வர் நிற்கலாம், நம் கேள்வி நிற்காது!

கிராம சபையில் கூடுவோம்! கணக்குக் கேட்போம்!