ஒத்துழைப்பு என்னும் ஒருவழிப் பாதை

மத்திய அரசும் உள்ளூர் ஆட்சிகளும் இணைந்தே போக்குவரத்தைத் திட்டமிடல் வேண்டும் என்ற கூற்றை மறுப்பார் இந்நாட்டில் எவருமிலர். அக்கூற்று எவரையும் கட்டுப்படுத்துவதுமில்லை. அதனாலேயே மறுப்பாரில்லை போலும்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், மாகாணத்துக்குள் நடைபெறும் பிரயாணிகள் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாகாண சபைகளுக்கு வழங்கியது. ஆயினும் நடைமுறையில் அவ்வதிகாரம் தனியார் பஸ்களின் அனுமதிப்பத்திரத்தோடு நின்றுவிடுகிறது. 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீளமைக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை கொழும்பிலுள்ள அமைச்சுக்கே பதில் கூறுகிறது. புகையிரதம் முற்றாக மத்தியினது. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கும், ஊரின் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் உரியன. ஒழுங்கையால் நடந்து, பிரதான வீதியில் பஸ் ஏறி, புகையிரதம் பிடிக்கச் செல்லும் ஒருவர் எத்தனை ஆட்சிகளைக் கடக்கிறார்! அவர் மேற்கொள்வதோ ஒரே பயணம்.

வவுனியாவை நோக்குக. அங்கு புதிய பஸ் நிலையம் எழுந்தது. அதனை யார், எந்த நேர அட்டவணைப்படி பயன்படுத்துவது என்னும் பிணக்கு, 2018 இன் தொடக்கத்தில் வடக்கிலே போக்குவரத்துச் சபை ஊழியரின் வேலைநிறுத்தம் வரை சென்றது. கட்டடம் எழுப்ப முடிந்த நாட்டில் ஓர் அட்டவணை எழுத முடியாமற்போனமை பணக் குறையாலன்று. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பைக் கூறவல்ல உள்ளூர் மன்றம் எதுவும் இருக்கவில்லை.

உள்ளூரவர்க்கு நிபுணத்துவம் இல்லை என்பர் மத்தியின் அதிகாரிகள். பொறுப்பே வழங்கப்படாத இடத்தில் நிபுணத்துவம் எங்ஙனம் வளரும்? ஆயினும் உள்ளூராட்சி மன்றங்களும் குற்றமற்றவையல்ல. பஸ் நிலையத்தைக் கடை வாடகை தரும் நிலமாகவே காணும் மன்றங்கள் பலவுள.

2014 இல் நிகழ்ந்த ஊவாத் தேர்தலுக்குப் பின்னர் வேறு மாகாணத் தேர்தல் எதுவுமின்றியே 2019 இற்குள் எல்லா மாகாண சபைகளின் காலமும் முடிந்தது. அதன்பின் மாகாணத்தின் பெயராற் பேசியோர் ஆளுநர்கள். அவர்களை நியமிப்பவர் சனாதிபதி. மத்தி தன்னோடு தானே கலந்தாலோசிப்பதற்கு ஒத்துழைப்பு என்று பெயரிடுவது தமிழுக்கும் இழுக்கு.

வேண்டுவது இன்னுமொரு ஒருங்கிணைப்புக் கூட்டமன்று. அரச பஸ், தனியார் பஸ், புகையிரதம் மூன்றின் நேரங்களையும் ஒருங்கே வரையறுக்கும் சட்டவலுவுடைய மாவட்டப் போக்குவரத்து மன்றம் வேண்டும். அதில் உள்ளூராட்சியின் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினருக்கு வாக்குரிமை இருத்தல் வேண்டும். அதன் தீர்மானத்தை மீறுவதாயின் அமைச்சர் காரணத்தை எழுத்திலே தந்து பாராளுமன்றத்தில் வைத்தல் வேண்டும்.