தட்டச்சு செய்தது யார்?

வென்டல் பெரி கென்டக்கியில் குதிரை பூட்டி உழுதுகொண்டே கதை, கவிதை எழுதி வந்தவர். ஏன் கணினி வாங்கமாட்டேன் என்று 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். பேனாவாலோ பென்சிலாலோ எழுதுவாராம். மனைவி அதை 1956இல் வாங்கிய ரோயல் தட்டச்சுப்பொறியில் அடித்துக் கொடுப்பாராம்.

வாசகர்கள் சிலர் அந்த மனைவியைப் பற்றித்தான் கேட்டார்கள். பெரி விட்டுக்கொடுக்கவில்லை, வீடு என்பது இருவரும் சேர்ந்து உழைக்கிற இடம் என்று வாதாடினார். இருக்கலாம். ஆனால் எனக்குச் சுட்டது அவர்களுடைய கேள்விதான்.

ஆறுதலான வாழ்க்கை, வீட்டுத்தோட்டம் என்று நானும் நிறைய எழுதியிருக்கிறேன். போன சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கதை எழுதினேன். மனுசி தனிய கோழிக்கூடு கழுவி, மிளகாய்க்கன்றுக்குத் தண்ணி விட்டு, பிள்ளையளையும் பார்த்தா. அவவும் முந்தி கவிதை எழுதினவ.

இனிச் சனி அவவுக்கு, ஞாயிறு எனக்கு. கோழிக்கூடு கழுவ இரண்டு மணித்தியாலம் போகுது. கதை அரைவாசியில் நிக்குது.