முத்துக்குளிக்க கல் எதற்கு? 30 டன் கன்டெய்னர் மிதப்பது எப்படி? தூத்துக்குடி கடல் சொல்லும் கணக்கு!

தூத்துக்குடியில் முத்துக்குளிக்கப் போனவர்கள், கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துத்தான் கடலுக்குள் இறங்குவார்கள். அதே கடலில் இன்று பல ஆயிரம் டன் இரும்புக் கப்பல்கள் ஜோராக மிதந்து வருகின்றன. கல் மூழ்குது, கப்பல் மிதக்குது. எடைதான் காரணம் என்றால், இது தலைகீழாக அல்லவா இருக்கணும்?

எடை பாதி, இடம் பாதி

தண்ணீரில் இறங்கும் எந்தப் பொருளும் தன் இடத்துக்காகக் கொஞ்சம் தண்ணீரை விலக்கும். விலகிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளும். இதுதான் ஆர்க்கிமிடீஸ் விதி.

20 கிலோ கருங்கல் சுமார் 8 லிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். 8 லிட்டர் கடல்நீரின் எடை 8 கிலோ சொச்சம். ஆக, மீதி 12 கிலோ கீழே இழுக்கும். மூச்சை இழுத்துப் பிடித்த மனித உடலோ மிதக்கத்தான் பார்க்கும். அதனால்தான் குளிப்பவருக்குக் கல் துணை. அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். படகில் இருப்பவர்கள் அதை மேலே இழுத்துக்கொள்வார்கள்.

அப்போ கப்பல்? அது இரும்புக் கட்டி இல்லை. உள்ளே பெரும்பகுதி காற்று. எடையைவிட அது அடைக்கும் இடம் ரொம்பப் பெரிது.

கன்டெய்னர் மூழ்காதா?

2025 மே 25-ல் கொச்சி அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. ஊழியர்கள் 24 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால், கப்பலில் இருந்த 600-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களில் பல, மிதந்தே கேரளக் கரைகளில் ஒதுங்கின.

காரணம் இதுதான். 20 அடி கன்டெய்னரின் வெளிப்புறக் கொள்ளளவு சுமார் 38 கன மீட்டர். முழுசா மூழ்கினால் அது விலக்கும் கடல்நீர் சுமார் 39 டன். சரக்கோடு சேர்த்து 30 டன் இருந்தாலும் மிதக்கும்! ஆனால் கதவு இடுக்கு வழியே தண்ணீர் புகப் புக, எடை ஏறும். கன்டெய்னர் இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கும் அந்த நிலைதான் மீனவர்களுக்குப் பெரிய ஆபத்து. இரவில் வரும் வள்ளத்துக்கு அது கண்ணிலேயே படாது.

அதில் இருந்த பிளாஸ்டிக் குருணைகள் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை. அதனால் அவை மூழ்காமல் மிதந்து கன்னியாகுமரி கரை வரை வந்தன.

ஒரு ஆள் கூடினால் என்ன?

படகில் ஏறும் ஒவ்வொருவரும் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்க வைக்கிறார். அந்த அளவுக்குப் படகு கீழே இறங்கும். தண்ணீர் மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி குறையும். அப்புறம் ஒரு அலை போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் படகு சாயும்.

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடலில் 2017 பிப்ரவரியில், சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். அளவுக்கு அதிகமானோர் ஏறியதே காரணமாகச் சொல்லப்பட்டது.

சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் சில கோடுகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தந்தக் கடலுக்கும் பருவத்துக்கும் உரிய கோடு தண்ணீருக்குள் போகும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. 1876-ல் பிரிட்டன் சட்டமாக்கிய இந்தக் குறி, இன்று உலகம் முழுக்க உண்டு. சின்னப் படகுகள் பலவற்றில் இந்தக் கோடு இருக்காது. அங்கே எச்சரிக்கை நம் கையில்தான்.

அடுத்த முறை படகு சவாரி போகும்போது, எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்க. விளிம்பு தண்ணீரை ஒட்டி இருந்தால் இறங்கிடுங்க. உயிர்காக்கும் கவசத்தைக் கட்டாயம் போடுங்க. எடை கொஞ்சம், அடைக்கும் இடம் அதிகம். முத்துக்குளித்தவரின் கல் செய்ததற்கு நேர் எதிரான வேலையை அது செய்யும்.